கைப்பேசியில் பிடித்த கச்சேரி அரங்கில் ஏன் பிடிபடவில்லை?

பொங்கோல்வாசி:

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக வேலைக்குப் போகவர சிங்கப்பூர் எம்ஆர்டி ரயிலில் கர்நாடக சங்கீதம்தான் கேட்கிறேன். பொங்கோலில் ஏறினால் ஹார்பர்ஃபிரண்ட் வரை ஒரே ரயில், உட்கார இடம் கிடைத்துவிடும், ஒரு ஆலாபனையும் (சொற்கள் இல்லாமல் ராகத்தை விரித்துப் பாடுவது) அதற்கடுத்த கீர்த்தனையும் முழுசாகக் கேட்டுவிட்டு இறங்கலாம். முறையாகக் கற்றுக்கொண்டவன் இல்லை. ஊர் மானாமதுரைப் பக்கம், வீட்டில் பாட்டு தெரிந்தவர்கள் யாரும் கிடையாது. ஆனாலும் கல்யாணி ராகம் காதில் விழுந்தால் எனக்கு அன்றைய நாளே நன்றாகப் போகிறது, அது ஏன் என்று சொல்லத் தெரியவில்லை.

போன மாதம் முதல்முறையாக நேரில் கேட்கலாம் என்று நானும் மனைவியும் ஒரு பெரிய அரங்கில் நடந்த கச்சேரிக்குப் போனோம். வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கம், கடம், மொத்தம் இரண்டரை மணி நேரம். முதல் மூன்று பாட்டு வரைக்கும் சந்தோஷமாகக் கேட்டேன், அப்புறம் எங்கே இருக்கிறோம் என்றே தெரியவில்லை. பாடகர் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுகிறார், பக்கத்தில் இருந்த பெரியவர் தொடையில் தட்டிக்கொண்டே தலையை ஆட்டுகிறார், நானும் தட்டிப் பார்த்தால் எனக்கு வேறு எங்கேயோ போய் முடிகிறது. பிறகு தாளவாத்தியம் மட்டும் பத்துப் பதினைந்து நிமிடம். பாதிப் பேர் எழுந்து வெளியே போனார்கள், மீதிப் பேர் மெய்மறந்து கேட்டார்கள். நான் எந்தப் பக்கம் என்று எனக்கே புரியவில்லை. மிருதங்கத்துக்கு மைக் சத்தம் அதிகமாக வைத்திருந்ததால் வயலின் சரியாகக் கேட்கவும் இல்லை. வீட்டுக்கு வரும்போது மனைவி, "போனில் கேட்கும்போது உனக்கு இதைவிடப் பிடிக்குமே" என்றாள். அது மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நவராத்திரி வருகிறது, மறுபடி போக ஆசை. ராகம் தாளம் எல்லாம் படித்துவிட்டுத்தான் போக வேண்டுமா? பாதிப் பாட்டு தெலுங்கு, அதற்கு என்ன செய்வது? ஆறு வயது மகளைக் கூட்டிப் போகலாமா? நேரில் கேட்டு நிஜமாகவே அனுபவிக்கிறவர்கள் எப்படிக் கேட்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.


தேக்கா_ரசிகர்:

தம்பி, உங்கள் மேல் ஒரு குறையும் இல்லை. எடுத்த எடுப்பில் பெரிய அரங்குக்குப் போய்விட்டீர்கள், அவ்வளவுதான். எஸ்பிளனேட் கலையரங்கம் 2002ல் திறப்பதற்கு முன்பிருந்தே இந்த ஊரில் கச்சேரி கேட்டு வருகிறேன். சிறிய இடத்தில் கிடைப்பது பெரிய இடத்தில் கிடைக்காது என்பது என் அனுபவம். அதே எஸ்பிளனேடில் பெரிய இசை அரங்கம் சுமார் 1,600 பேருக்கானது, ரிசைட்டல் ஸ்டூடியோ 245 பேருக்கானது. நவம்பரில் அவர்களின் இந்தியக் கலை விழாவான கலா உற்சவம் வரும்போது சின்ன அரங்கில் நடப்பது எது என்று பார்த்து, அதற்கு முதலில் டிக்கெட் வாங்குங்கள். சிஃபாஸ் 1949லிருந்து இருக்கிற இந்திய நுண்கலை அமைப்பு, அவர்கள் ஆண்டுதோறும் நடத்தும் விழாவையும் கவனியுங்கள். அப்புறம் நவராத்திரியில் சிராங்கூன் சாலை பெருமாள் கோயில், டேங்க் ரோடு கோயில் இரண்டுக்கும் போய்ப் பாருங்கள். தரையில் உட்கார்ந்து கேட்கும்போது பாடுகிறவர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கும்.

அடுத்து, ராகம் கண்டுபிடிப்பதை முதல் வருடம் விட்டுவிடுங்கள். பக்கத்தில் இருப்பவர் "இது பைரவி" என்று காதோடு சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், சரி. ஆனால் பெயர் தேடிக்கொண்டே உட்கார்ந்திருந்தால் ராகம் உங்களைத் தாண்டிப் போய்விடும். கல்யாணி கேட்டால் நாள் நன்றாகப் போகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தக் காது போதும்.

நீங்கள் போனில் கேட்பது ஏற்கெனவே முடிந்துபோன பாட்டு. நேரில் கேட்பது உங்கள் கண் முன்னால் உருவாகிக்கொண்டிருக்கும் பாட்டு. பாடுகிறவருக்கே அடுத்த நிமிடம் என்ன வரும் என்று முழுதாகத் தெரியாது. அதனால் ஆலாபனையில் வயலின்காரரைப் பாருங்கள். பாடகர் ஒரு பிடி பாடுவார், வயலின் அதை ஒரு மூச்சு தள்ளி நிழல் மாதிரித் தொட்டுக்கொண்டே வரும். பாடகர் நிறுத்தியதும் அதே ராகத்தை வயலின் தனியாக எடுத்து வாசிக்கும். சற்று முன் பாடகர் காட்டிய எதைத் தனக்கென்று எடுத்துக்கொண்டார், எதை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்று சொல்கிறார் என்று கேளுங்கள். இதற்குப் படிப்பு வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

ஒன்று சொல்கிறேன், இன்னும் மறக்கவில்லை. பல வருடங்களுக்கு முன் ஒரு சின்ன அரங்கில் நிரவல் (ஒரே வரியை விதவிதமாக விரித்துப் பாடுவது) நடுவே வயலினில் ஒரு தந்தி அறுந்துவிட்டது. பாடகி நிறுத்தவில்லை. அதே வரியை இன்னும் நாலைந்து ஆவர்த்தனம், அதாவது தாளச் சுற்று, விரித்துக்கொண்டே போனார். மிருதங்கக்காரர் வாசிப்பை அப்படியே தணித்துக்கொண்டார். வயலின்காரர் குனிந்து பெட்டியிலிருந்து புதுத் தந்தியை எடுத்து மாட்டி, சத்தமே வராமல் விரலால் மீட்டிச் சுருதி சேர்த்து, வில்லை வைத்தார். வில் பட்ட இடம் அந்த வரி திரும்பி வரும் இடம்! அரங்கில் நாங்கள் அறுபது எழுபது பேர்தான் இருந்திருப்போம், எல்லோரும் ஒரே நேரத்தில் "ஆஹா" என்றோம். பாடகி சிரித்துவிட்டார், சிரிப்போடு சேர்ந்தே அந்த வரியின் அடுத்த மாறுபாடான சங்கதியும் வந்தது. அது எந்த ராகம் என்று இன்றைக்குக் கேட்டால்கூட எனக்குச் சொல்ல வரும். அன்று ராகத்தின் பெயரை நினைத்துக்கொண்டு யாரும் கேட்கவில்லை.


வலந்தலை:

பெரியவர் சொன்னதோடு ஒத்துப்போகிறேன், ஒரு இடம் தவிர. பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை, ஆனால் தாளம் போடக் கற்றுக்கொண்டு போங்கள். பத்து நிமிட வேலை. எட்டு வருடம் மிருதங்கம் கற்றுக்கொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன், தாளம் கையில் இருந்தால் கச்சேரியில் தொலைந்துபோக மாட்டீர்கள்.

கச்சேரியில் பெரும்பாலான பாட்டு ஆதி தாளம். உள்ளங்கையால் தொடையில் ஒரு தட்டு, பிறகு சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல். இதுவரை நாலு. பிறகு ஒரு தட்டு, கையைத் திருப்பி ஒரு வீச்சு, மறுபடி ஒரு தட்டு, ஒரு வீச்சு. எட்டு. இதைத்தான் உங்கள் பக்கத்துப் பெரியவர் போட்டிருப்பார். உங்களுக்கு ஏன் வேறு இடத்தில் முடிந்தது தெரியுமா? பாட்டு முதல் தட்டிலேயே ஆரம்பிக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. தட்டு விழுந்து அரை இடமோ முக்கால் இடமோ தள்ளிக்கூட எடுப்பு, அதாவது பாட்டு தொடங்கும் இடம், இருக்கும். நீங்கள் சொல்லை வைத்துத் தட்ட ஆரம்பித்திருப்பீர்கள். சொல்லை விட்டுவிட்டுப் பாடுகிறவரின் கையைப் பாருங்கள், வாய்ப்பாட்டுக் கச்சேரியில் அவர் கைதான் உங்களுக்கு வழிகாட்டி. அதற்காகவே நான் எப்போதும் மேடையில் மிருதங்கம் இருக்கும் பக்கமாக, பாடகரின் தொடை தெரிகிற மாதிரி உட்காருவேன்.

அந்தத் தாளவாத்திய நேரத்துக்குத் தனி ஆவர்த்தனம் என்று பெயர், தனி என்றே சொல்வோம். தனி ஆரம்பித்ததும் எழுந்து போகிறார்களே, அது எனக்கு ஒவ்வொரு முறையும் வருத்தம். இரண்டு மணி நேரம் மற்றவர்களுக்காகவே வாசித்த ஒருவர் தன் பேச்சைப் பேசும் நேரம் அது, அப்போதுதான் நாற்காலி எல்லாம் கிறீச்சிடும். தயவுசெய்து போகாதீர்கள். கழிவறைக்குப் போக வேண்டுமென்றால் அதற்கு முந்தின சின்னப் பாட்டில் போய்விட்டு வாருங்கள்.

தனியைக் கேட்பது எப்படி என்றால், எட்டு எண்ணிக்கையைக் கையில் விடாமல் போட்டுக்கொண்டே இருங்கள். மிருதங்கம் சொல்வதைக் கடம் திருப்பிச் சொல்லும். கொஞ்ச நேரத்தில் அந்தத் துண்டுகள் சிறிதாகிக்கொண்டே வரும், அதற்குக் குறைப்பு என்று பெயர். கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து வாசிப்பார்கள், மோரா என்னும் முடிப்புச் சொற்கட்டு வரும், பிறகு கோர்வை என்னும் தாளக் கணக்கு மூன்று முறை. மூன்றாவது முறை முடியும் இடமும் பாட்டின் எடுப்பும் ஒன்றாக இருக்கும், அந்தப் புள்ளியில் பாடகர் உள்ளே வருவார். கையில் எண்ணிக்கை இருந்தால் அந்த இடம் வருவது உங்களுக்கு முன்கூட்டியே தெரியும், வயிற்றில் ஒரு குறுகுறுப்பு வரும் பாருங்கள், அதற்காகத்தான் நான் கச்சேரிக்கே போகிறேன்.

சீக்கிரம் போனால் இன்னொன்றும் பார்க்கலாம். என் ஆசிரியர் ஈர ரவையைப் பிசைந்து மிருதங்கத்தின் இடது பக்கமான தொப்பியின் நடுவில் அப்புவார், கட்டைவிரலால் ஓரத்தை வழித்துவிட்டுத் தட்டிப் பார்ப்பார். வெறும் தோல் சத்தமாக இருந்தது அடிவயிற்றிலிருந்து வருகிற மாதிரி "தோம்" என்று மாறும். குளிர்சாதன அறையில் அந்த ரவை காய்ந்துவிடும், பாட்டுக்குப் பாட்டு ஒரு சொட்டுத் தண்ணீர் தொட்டுத் தடவிக்கொள்வார். இப்போது பலர் ரவை இல்லாமலே வாசிக்கிறார்கள், அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு அந்த ரவை தோம்தான் காதில் நிற்கிறது. மைக் சத்தம் அதிகம் என்று எழுதியது நூற்றுக்கு நூறு சரி, அதை நம்மூர் அமைப்பாளர்கள் எல்லோரும் படிக்க வேண்டும்.

மானாமதுரை என்றீர்களே! அந்தக் கடம் உங்கள் ஊரில் செய்ததாகவே இருந்திருக்கலாம். மானாமதுரைக் கடத்துக்கு எங்கள் உலகத்தில் தனி மரியாதை.


வடக்குவாசல்:

நான் அதிகம் போவது மேற்கத்திய இசைக்கு, அதனால் வேறு பக்கமிருந்து ஒரு வார்த்தை. சிங்கப்பூர் சிம்ஃபனி இசைக்குழு 1979ல் தொடங்கியது, விக்டோரியா இசை அரங்கிலும் எஸ்பிளனேடிலும் வாசிக்கிறார்கள், தாவரப் பூங்காவில் இலவசமாக வாசிக்கும் நாட்களும் உண்டு. அங்கே ஒரு படைப்பில் மூன்று நாலு பகுதி இருந்தால் கடைசிப் பகுதி முடியும்வரை யாரும் கைதட்டுவதில்லை, இருமல்கூட அடக்கிக்கொள்வார்கள். அங்கே பழகிவிட்டு முதலில் கர்நாடகக் கச்சேரிக்கு வந்தபோது, நடுப் பாட்டில் முன்வரிசையில் ஒருவர் "பலே" என்று சொன்னது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்புறம்தான் தெரிந்தது, அந்தச் சொல் மேடைக்குப் போய்ச் சேர்ந்து அடுத்த சங்கதியாகத் திரும்பி வருகிறது. அங்கே அமைதியாக இருப்பது மரியாதை, இங்கே காது கொடுத்திருக்கிறேன் என்று காட்டுவது மரியாதை. அதனால் எப்போது கைதட்டுவது என்று பயப்படாதீர்கள், நன்றாக இருந்தால் தலையாவது ஆட்டுங்கள்.

இரண்டிலும் எனக்கு ஒரே மாதிரி பிடித்தது தொடங்குவதற்கு முந்தின நிமிடம். ஆர்கெஸ்ட்ராவில் ஓபோ ஒரு சுரம் கொடுக்கும், எல்லா வாத்தியமும் அதை நோக்கி வந்து சேரும். இங்கே தம்பூரா. பாடுகிறவர் கண்ணை மூடிக்கொண்டு "ஸா" என்று ஒரு முறை சேர்ந்து பார்ப்பார், வயலின்காரர் தந்தியை முறுக்கும் பிரடையைத் திருகுவார், மிருதங்கத்தின் விளிம்பில் கல்லாலும் கட்டையாலும் தட்டுவார்கள். தாமதமாக வருகிறவர்களுக்கு இது கிடைப்பதில்லை. கால் மணி முன்னால் போய் உட்கார்ந்து அந்தச் சுருதியைக் காதில் ஏற்றிக்கொண்டால் அப்புறம் பாடகர் எவ்வளவு தூரம் போனாலும் நீங்கள் வீட்டில் இருக்கிற மாதிரிதான் இருக்கும். போனில் இந்த நிமிடத்தை வெட்டிவிடுகிறார்கள்.

வயலினை மட்டும் பாருங்களேன், அதே வாத்தியம். அங்கே தோளில் நிற்கிறது, இங்கே சம்மணமிட்டு உட்கார்ந்தவரின் கால் மேல் சாய்ந்திருக்கிறது. தந்திகளைச் சேர்க்கும் முறையும் வேறு, இங்கே ஸ ப ஸ ப. ஒரே மரப்பெட்டி இரண்டு மொழி பேசுகிறது.

ஒரு துண்டு, சால்வை எடுத்துப் போங்கள். அரங்குகளில் குளிர் அதிகம்.


ஈசூன்_அம்மா:

மகளைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. என் இரண்டு பிள்ளைகளையும் ஐந்து வயதிலிருந்து கூட்டிப்போகிறேன், நிறையத் தப்பு செய்து கற்றுக்கொண்டது. டிக்கெட் வாங்கிய அரங்கில் ஆறு வயதுப் பிள்ளையை இரண்டரை மணி நேரம் உட்கார வைக்காதீர்கள். ஒருமுறை என் சின்னவன் ஆலாபனை நடுவில் "அம்மா, எப்ப முடியும்?" என்று கேட்டுவிட்டான், மெதுவாகத்தான் கேட்டான், முன்னால் இருந்தவர் திரும்பிப் பார்த்த பார்வையில் அவன் அடுத்த ஆறு மாதம் வரமாட்டேன் என்றுவிட்டான். பிள்ளை மேல் தப்பு இல்லை, என் மேல்தான். கோயில் நிகழ்ச்சி, எஸ்பிளனேடின் வெளியரங்கில் நடக்கும் இலவச நிகழ்ச்சி, இவைதான் பிள்ளைகளுக்கு. பிடித்தால் இருப்போம், தூக்கம் வந்தால் மடியில் படுக்கட்டும், பாட்டு கேட்டுக்கொண்டே தூங்குவதும் நல்லதுதான்.

மொழி பற்றி: தியாகராஜர் பாடல்கள் தெலுங்கு, தீட்சிதர் பெரும்பாலும் சமஸ்கிருதம், இதை மாற்ற முடியாது. நான் பல்லவியின் அர்த்தத்தை மட்டும் தேடி வைத்துக்கொள்வேன், ஒரே வரிதானே. ஆனால் தமிழ்ப் பாட்டிலிருந்து ஆரம்பியுங்கள் என்பேன். கோபாலகிருஷ்ண பாரதியின் "வருகலாமோ" மாஞ்சி ராகத்தில் இருக்கிறது. சிதம்பரத்துக்குள் போக முடியாமல் வெளியே நிற்கும் நந்தனார் கேட்பது. அந்த ஒரு சொல்லைப் பாடுகிறவர் திரும்பத் திரும்பப் பாடுவதை "ஏன் ஒரே வரி" என்று கேட்டீர்களே, அங்கே போய்க் கேளுங்கள். முதல் தடவை கேள்வியாக வரும். இரண்டாவது தடவை கெஞ்சலாக வரும். இன்னொரு தடவை, பதில் வராது என்று தெரிந்தும் கேட்கிற மாதிரி வரும். வேலைக்காக நாடு விட்டு வந்து, எத்தனையோ வாசலில் அனுமதிக்காக நின்றவர்கள் நாம். நான் ஒவ்வொரு முறையும் கண்ணைத் துடைத்துக்கொள்வேன்.

நாகஸ்வரத்தை எல்லோரும் மறந்துவிட்டீர்கள்! டிக்கெட் இல்லாமல், மைக் இல்லாமல், கையெட்டும் தூரத்தில் இந்த ஊரில் தினமும் கிடைக்கும் நேரடிச் சங்கீதம் அதுதான். மாலைப் பூஜை நேரத்தில் ஏதாவது ஒரு பெரிய கோயிலுக்குப் பிள்ளையைக் கூட்டிப் போங்கள்.


பொங்கோல்வாசி:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு பேர் இவ்வளவு நேரம் எடுத்து எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. நவராத்திரி வரை காத்திருக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை மூன்று பேரும் கோயிலுக்குப் போனோம், ஈசூன் அம்மா சொன்ன மாதிரி நாகஸ்வரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றோம்.

மகள் தவில்காரரை விட்டு நகரவில்லை. ஒரு கையில் குச்சி, இன்னொரு கையில் ஒவ்வொரு விரலுக்கும் வெள்ளையாகக் கூடு மாட்டியிருந்தார். "அப்பா, அவருக்கு விரல்ல அடிபட்டிருக்கா?" என்று கேட்டாள். அவர் காதில் விழுந்துவிட்டது, வாசித்து முடித்ததும் ஒரு கூட்டைக் கழற்றி அவள் விரலில் மாட்டிவிட்டு, தோலில் ஒரு தட்டுத் தட்டச் சொன்னார். வீட்டுக்கு வரும்வரை அந்த விரலை மடக்கவே இல்லை. நாகஸ்வரத்தில் ஒரு நூலில் கட்டித் தொங்கிய, வாயில் வைத்து ஊதும் சீவாளிகளையும் எண்ணிச் சொன்னாள்.

எனக்கு நடந்தது வேறு. நாகஸ்வரம் நெஞ்சில் வந்து மோதுகிறது. காதால் கேட்பது என்று சொல்லவே முடியாது, சட்டைக்குள் நடுங்குகிறது. போனில் அது சின்ன ஊதல் மாதிரிக் கேட்கும், அதனால் தள்ளிவிட்டுக் கொண்டே இருந்தேன். கையில் எட்டு எண்ணிப் பார்த்தேன், சாமி புறப்படும்போது வாசித்ததில் மட்டும் எண்ணிக்கை நிற்கவில்லை, பாட்டு மாதிரியும் இல்லை, ஆனால் எல்லோரும் நிமிர்ந்து நின்றார்கள். அது என்ன என்று யாராவது சொல்ல முடியுமா?


தேக்கா_ரசிகர்:

மல்லாரியாக இருக்கும், தம்பி. சாமி புறப்பாட்டுக்கென்றே வாசிப்பது, சொற்கள் கிடையாது, கம்பீர நாட்டை ராகம். வேறு வேறு தாளத்தில் வாசிப்பார்கள், வேகம் மாற்றியும் வாசிப்பார்கள், அதனால்தான் எட்டு நிற்கவில்லை. அடுத்த முறை கொஞ்சம் முன்னதாகப் போய் தவில் பக்கமே நில்லுங்கள், புறப்பாட்டுக்கு முன்னால் தவில் மட்டும் தனியாகத் தொடங்கும், அங்கிருந்து கேட்க வேண்டும். நவராத்திரியில் பெருமாள் கோயிலுக்கு வந்தால் இடது பக்கத் தூணோரம் பாருங்கள், நான் அங்கேதான் உட்கார்ந்திருப்பேன். பாப்பாவையும் கூட்டி வாருங்கள்.


வலந்தலை:

பாப்பாவுக்கு ஆதி தாளம் சொல்லிக் கொடுத்தாகிவிட்டதா?


பொங்கோல்வாசி:

சுண்டு விரல் மட்டும் தனியாக வளைய மாட்டேன் என்கிறது, இன்னொரு கையால் பிடித்து வளைத்துக்கொள்கிறாள். இப்போதுகூட சோஃபாவில் அதுதான் நடக்கிறது.